சாந்தம்மாவின் நீலத் தொப்பி

ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்தேன். மகள் லேப்டாப்பில் ஏதோ ஐரோப்பியப் படத்தைப் போட்டுவிட்டாள். நாடு விட்டு வந்த ஒருவன், அவனுக்கு இடமும் சாப்பாடும் கொடுக்கிற முன்பின் தெரியாத மனிதர்கள். ஆனால் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை, இஸ்திரி போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. "ஏம்மா, இவங்களுக்கெல்லாம் சிரிக்கவே வராதா?" என்றாள் மகள். எனக்கோ எல்லாம் பழகிய முகங்களாகத் தெரிந்தன.

படத்தில் ஒரு அம்மாள் அவன் முன்னால் சூப்பை ணங்கென்று வைத்தாள். ஆவி பறந்தது. அந்த சூப்பின் வாசனை எனக்கு எப்படித் தெரியும்? என் மூக்குக்கு வந்தது பிதுக்கம்பருப்புக் குழம்புதான். மார்கழிக் குளிரில் ஓசூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்த வாசனை வரும். ஊறவைத்த மொச்சைக் கொட்டையை ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுப்பது சிவகங்கைக்காரியான எனக்கு வேலையற்ற வேலையாகப் படும். லைன் வீட்டில் என்னோடு தங்கியிருந்த தர்ஷினிதான் அலுக்காமல் பிதுக்குவாள். எங்கள் விரல்களில் ஏறிய ஒயர் டேப்பின் நாற்றம் எந்த சோப்புக்கும் போகாது. குழம்பிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சாப்பிட்டோம், சாகவில்லை.

அப்போது இருவருக்கும் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. தர்ஷினி அகதி முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைப் பெண். உண்மையைச் சொன்னால் வேலை தரமாட்டார்கள் என்று பயந்து, ராமேஸ்வரம் என்று சொல்லி வைத்திருந்தாள். தெலுங்கும் கன்னடமும் திருநெல்வேலித் தமிழும் ஒன்றாக இரைகிற அந்தக் கம்பெனி லைனில் அவள் பேச்சு இன்னொரு பேச்சு, அவ்வளவுதான்.

ஒரு நாள் டீ நேரத்தில் குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அம்மா கோல் எடுத்தவ அக்கா. பின்னேரம் முகாமில செக்கிங்காம். நான் நேர நிக்காட்டி என்ர பதிவை வெட்டிப்போடுவினம்" என்றாள். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பதிவு போனால் முகாமிலும் அவளுக்கு இடமில்லை. வேறு போக்கிடம்தான் ஏது? அன்றைக்கென்று பார்த்து அவசர லோடு, யாருக்கும் லீவு கிடையாது. ஒரு ஸ்டேஷனில், அதாவது ஒருத்தி நின்று ஒயர் கட்டுகிற இடத்தில், ஆள் இல்லையென்றால் லைனே நின்றுவிடும். அப்படி விட்டுப் போனவள் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

அப்போது லைன் லீடர் சாந்தம்மா வந்தார். தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவைக் காட்டியிருக்கிறார், அதைப் பார்த்தால் இழவு வீடு என்று நினைப்பீர்கள்.

"என்னாத்துக்கு அழுவுற?"

"தலைவலி அக்கா."

"தலைவலிக்கு இங்க நின்னா ஆவுமா? வூட்டுக்குப் போ. பஸ்சு போயிடப் போவுது."

நாங்கள் இருந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். இவர் ஏன் பஸ் என்கிறார் என்று நான் யோசிப்பதற்குள் தர்ஷினி ஓடிவிட்டாள். சாந்தம்மா தன் பச்சைத் தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டார். எங்களைப் போல நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு அவள் இடத்தில் நின்று ஒயர் கட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்தார்.

"இந்த ஸ்டேஷன் பொண்ணு எங்க?"

"இதோ நிக்கிறேனே சார்."

ஐம்பது வயதுப் பொண்ணு! மேனேஜர் தொப்பியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சரி, சீக்கிரம் கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாந்தம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

முகாமில் பெயரைக் கூப்பிடும்போது தர்ஷினி போய் நின்றுவிட்டாள். மறுநாள் நன்றி சொல்லப் போனவளை சாந்தம்மா பேசவே விடவில்லை. "உங்க ராமேஸ்வரத்துல இனிமே எப்ப தலை எண்ணுனாலும் முன்னாடியே சொல்லிடு. கடைசி நேரத்துல வந்து அழுவாத" என்றார்.

பிறகு தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு அவள் குடும்பம் இலங்கையில் மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டது. சாந்தம்மா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். நான் இப்போது சூளகிரிப் பக்கம் ஒரு புதுக் கம்பெனியில் லைன் லீடர். என் லைனில் பாதிப்பேர் ஒடிசாப் பெண்கள். போன வாரம் ஒருத்தி அழுதாள். ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை, ரயிலைப் பிடிக்க வேண்டும். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அவள் இடத்தில் நின்றேன். ஸ்டேஷனில் மாட்டியிருக்கிற கேமரா என் முகத்தைப் பார்த்தது. அவள் இல்லை என்று கண்டுகொண்டு லைனை நிறுத்திவிட்டது. மேனேஜர் யாரும் வரவில்லை. வந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அலுப்பாக இருந்தது. கேட் வரைக்கும் போய்விட்டவளை நானே ஓடிப்போய்க் கூட்டி வந்து, அவள் இடத்தில் நிறுத்தினேன்.