திருநீற்றுச் சம்புடத்தில் நான்கு மாத்திரைகள்

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. அடிபடாமலே காலில் நீலத் திட்டுகள் வந்தன. அப்படித்தான் தொடங்கியது. அம்மா அவனோடு ஈப்போ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். திரும்பி வந்தபோது தம்பி தலையில் ஒரு முடி இல்லை. ஆனால் நோய் அடங்கிவிட்டது என்றார்கள். அது மறுபடி வராமல் இருக்க இன்னும் இரண்டு வருஷம் தினமும் மாத்திரை தர வேண்டுமாம்.

முடி வளர்ந்ததும் எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டு அம்மா வேண்டுதலை நிறைவேற்றினாள். முதல் மொட்டை ஆஸ்பத்திரிக்கு, ரெண்டாவது அம்மனுக்கு என்று அப்பா சிரித்தார். அன்று அத்தை சொன்னதுதான் என் மனதில் தங்கிவிட்டது.

"முடி குடுத்தாச்சு. இன்னும் மருந்து குடுத்தா அம்மன நம்பலன்னு ஆயிடும் லா."

அம்மா தம்பியின் மொட்டைத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தாள். நான் நம்பிவிட்டேன்.

பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவதால் மாத்திரை தருவது என் வேலை. மறுநாளிலிருந்து தரவில்லை. குப்பையில் போடவும் பயம். சாமி படத்துக்குக் கீழே திருநீற்றுச் சம்புடத்தின் அடியில் புதைத்து வைத்தேன், அம்மனே எடுத்துக்கொள்ளட்டும் என்று. கசப்பு மாத்திரை நின்றதில் தம்பிக்கும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் திருநீறு எடுத்த அம்மாவின் விரலில் ஒன்று தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட நான்கு. அடி விழும் என்று சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சாம்பலை ஊதி உள்ளங்கையில் வைத்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மனுக்கு என்னா சீக்கு பாப்பா? சீக்கு தம்பிக்குத்தானே" என்றாள்.

கொட்டும் மழையிலேயே தம்பியைத் தூக்கிக்கொண்டு, எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். விட்டதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, இன்றிலிருந்து பழையபடி தர வேண்டும், திங்கட்கிழமை ரத்தம் சோதிக்கக் கூட்டிப் போக வேண்டும் என்றார்.

நோய் திரும்பவில்லை. தம்பி இப்போது ரிங்லெட்டில் காய்கறி லோரி ஓட்டுகிறான்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சாயங்காலம் வேலை விட்டு வந்து அம்மாவே மாத்திரை தந்தாள். பிறகு அவன் கால்களை மடியில் வைத்து, விளக்குப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்து எண்ணெய் தேய்ப்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். நானும் காலை நீட்டுவேன். என் காலையும் அதேபோல் விளக்குப் பக்கம் திருப்புவாள். எண்ணெய் தேய்க்க அவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.