அவர் எனக்குக் கொடுக்க நினைத்த கிருமி

என் சிறுநீரகங்கள் இரண்டும் செம்பாக்கத்தில் ஒரே வீட்டில்தான் வசிக்கின்றன. ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று ஏழு வருடமாக என் கணவரிடம். அவருடைய இரண்டும் கைவிட்டபோது கொடுத்தேன். ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள், வாழ்ந்தேன். அந்த ஒன்றில் கல் வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுக்கப் பயந்திருப்பேனோ என்னவோ.

அவருக்குக் கீழ்க்கட்டளையில் பைப் கடை. நான் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் உடம்பு, 'இது யார் வீட்டுச் சாமான்?' என்று விசாரித்து வெளியே தள்ளிவிடும். அதனால் ஊருக்கெல்லாம் வரும் சளி அவருக்கு வந்தால் ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடும். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தும்மல் என்றாலே நடுக்கம். மழைக்காலத்தில் என் வகுப்பில் மூக்கு ஒழுகாத பிள்ளையே கிடையாது. தொண்டை லேசாகக் கரகரத்தால் போதும், பஸ் ஸ்டாப் மெடிக்கல் ஷாப்பில் போய் நிற்பேன். கடைக்கார அண்ணா டாக்டர் சீட்டெல்லாம் கேட்கமாட்டார். முகத்தைப் பார்த்ததும் மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வெட்டிக் கொடுத்துவிடுவார். நானும் வீட்டுக்குள் கிருமியை விடாத பத்தினியாக அதை விழுங்கிவிட்டுத்தான் படியேறுவேன்.

போன வருடம் பத்தாம் வகுப்புக்கு வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தபோது வலது இடுப்பில் ஒரு வலி வந்தது. பிள்ளை பெற்ற வலி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது மரியாதையான வலி. இது அப்படியில்லை. கோட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்கேனில் மிளகு அளவு கல் தெரிந்தது, சிறுநீர் இறங்கும் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தது. "ஒரே கிட்னி மேடம். இது முழுசா அடைச்சா ஸ்பேர் கிடையாது" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே குழாய் விட்டு எடுத்தார்கள். வெளியே என் கணவர் சொந்தக்காரர்களுக்குப் போனில், "லைன்ல அடைப்பு, எல்போ திரும்பற இடத்துல நின்னுடுச்சு" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ரொம்பத் தைரியமாக இருந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று அவர் தன் மாத்திரையைப் போட மறந்திருந்தார். நான் படுக்கையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன், முதலில் அதற்குத்தான் திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கல் என்றால் கால்சியம், கால்சியம் என்றால் பால் என்று ஏதோ வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுப் பால் பாக்கெட்டை நிறுத்தினார். தயிரையும் நிறுத்தினார். காலையும் மாலையும் எனக்குப் பாலில்லாத கட்டன் டீ வந்தது. மதியம் உடம்புக்கு நல்லது என்று பாலக் கீரை. இத்தனை அன்பையும் நான் குறை சொல்லாமல் தின்றேன்.

எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டு, அது ஆக்சலேட் என்ற உப்பு சேர்ந்து உண்டான கல் என்றார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். என் கணவர் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், ஆக்சலேட் அதிகமா இருக்கறதே பாலக்குலயும் டீலயும்தான். பால், தயிர் சாப்பாட்டோட சேர்ந்தா குடல்லயே அதப் பிடிச்சு வெளிய அனுப்பிடும். நீங்க அத நிறுத்திட்டு இதக் குடுத்திருக்கீங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கிட்னி படத்தைப் பார்த்தேன்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பேன் என்று அடுத்த கேள்வி. எங்கள் பள்ளி பாத்ரூமைப் பார்த்த எந்த டீச்சரும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டாள். நிரப்பிக்கொண்டு போகும் பாட்டில் நிரம்பியே திரும்பி வரும். அதைச் சொன்னேன். ஆன்டிபயாட்டிக் அடிக்கடி எடுப்பீங்களா என்றார். அதையும் சொன்னேன்.

அப்போதுதான் அந்த பாக்டீரியாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். சிலருடைய குடலில் ஆக்சலேட்டையே தின்று பிழைக்கும் ஒரு பாக்டீரியா இருக்கிறதாம். அது தின்றது போக மிச்சம்தான் சிறுநீருக்குப் போகும். ஆன்டிபயாட்டிக் அதைக் கொன்றுவிடும். ஒரு தடவை போனால் திரும்பக் குடிவருவது கஷ்டம். "உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது. இருக்கலாம்" என்றார்.

"அந்த பாக்டீரியா கடையில கிடைக்குமா டாக்டர்? டீலர் யாரு?" என்றார் என் கணவர்.

"ஆராய்ச்சி நடக்குது சார். குடுத்துப் பாக்கறாங்க, குடல்ல தங்கமாட்டேங்குது. இன்னும் மருந்தா வரல."

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "என் குடல்ல இருந்து எடுத்து இவளுக்கு வைக்க முடியுமா? எவ்வளவு வேணாலும் எடுத்துக்கங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவுக்கு வரவில்லை. "சார், ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களுக்கு எத்தன ஆன்டிபயாட்டிக் போயிருக்கும்? உங்ககிட்ட அது மிஞ்சியிருக்க வாய்ப்பு கம்மி" என்றார் மெதுவாக.

திரும்பி வரும்போது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. முன்னால் பார்த்தபடியே, "உனக்குக் குடுக்க என்கிட்ட ஒரு கிருமிகூட இல்ல பாரு" என்றார். குரல் உடைந்திருந்தது.

"பச்ச விழுந்துடுச்சு, ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

பால் திரும்பி வந்தது. பாலக் போனது. பள்ளியில் பாத்ரூமுக்கு ஒரு பினாயில் பாட்டில் வாங்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். மழைக்காலமும் வந்தது. ஒரு சாயங்காலம் மூக்கு ஒழுக வீட்டுக்கு வந்தேன், கையில் பழக்கதோஷத்தில் வாங்கிய மாத்திரை. அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"சளிக்கு இது வேலையே செய்யாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? போட்டு மிச்சம் மீதி இருக்கறதையும் கொல்லப் போறியா?"

"உங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"ஒட்டட்டும்."

"ஒட்டட்டுமா? அது என் கிட்னிங்க. உங்க இஷ்டத்துக்கு வீம்பு பண்ணக் குடுக்கல."

"உன்கிட்ட இருக்கறது போச்சுன்னா நான் எதத் தருவேன்? என்கிட்ட இருக்கறதே உன்னோடதுதானே?" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்தி நான் கேட்டதில்லை.

நான் பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் மாஸ்க் போட்டுக்கொண்டு ஹாலில் படுத்தார். சாப்பாட்டை வாசலில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனில் கூப்பிடுவார். தண்ணீர் குடித்தாயா என்பார். நான் மாத்திரை போட்டீங்களா என்பேன். வேறு பேச்சில்லை.

மூன்றாம் நாள் காலை சமையலறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்தேன். இன்னொரு தும்மல். அந்த மாத்திரையைப் போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தேன். ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தும் நினைத்தேன்.

கரண்டி விழும் சத்தம் கேட்டது. அடுத்து அவர் குரல், தெருவுக்கே கேட்கும்படி. "மிளகா! வர மிளகா கருகிடுச்சு! நெடிதான்! வேற ஒண்ணும் இல்ல!"

நிஜமா பொய்யா என்று தெரியவில்லை. எனக்கு மூக்கு அடைத்திருந்தது, நாற்றமோ வாசனையோ எதுவும் ஏறாது. எழுந்து கதவருகே போய் நின்றேன். கதவுக்கு அடியில் புகுந்த மிளகாய் நெடி நேராகத் தொண்டையில் ஏறி என்னைப் பிடித்து உலுக்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, இருமலோடு இருமலாக அழுது தீர்த்தேன்.