ஊதாதவர்

அந்தப் பட்டாலியனில் மாலை ஆறு மணிக்குக் கொடி இறக்கும்போது பியூகிள் ஊத மாட்டார்கள். மற்ற பட்டாலியன்களில் கன்னம் உப்ப உப்ப ஊதித் தள்ளுவார்கள். இங்கே எழுநூறு பேர் வாயைத் திறக்காமல் விறைத்து நிற்பார்கள். கம்பத்தில் கயிறு உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். புதிதாக வருகிற சிப்பாய்க்கு இது விளங்காது. “பியூகிள்காரனுக்கு வயித்துவலியா?” என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டுவிட்டு, அந்தக் குற்றத்துக்காக மைதானத்தை இருபது சுற்று ஓடியவர்கள் உண்டு.

காரணத்தைச் சனிக்கிழமை காலையில் மியூசியத்தில் சொல்வார்கள். சொல்கிறவர் ஊதாதவர். அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. கர்னல் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஊதாதவர்தான். “ஊதாதவருக்கு அடுப்பு ஊதக்கூடத் தெரியாது” என்று அவர் மனைவி கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

மியூசியம் என்றால் பெரிய மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஆயுதக் கிடங்கில் நான்கு கண்ணாடிப் பெட்டி, சுவரில் ஒரு வரைபடம், நாற்பத்து மூன்று புகைப்படம். தினமும் செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடி துடைப்பது அவர் வேலை. நாற்பத்து மூன்று முகங்களையும் இருபத்தெட்டு வருஷமாகத் துடைத்தார். ஒரு முகத்தையும் அவர் நேராகப் பார்த்ததில்லை. கை போகிற பக்கம் கண்ணைப் போகவிடாமல் துடைப்பதற்குப் பழகிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

சனிக்கிழமைக் கதை இதுதான். எல்லைச் சண்டையில் ஒரு குன்றின் மேல் நாற்பத்து மூன்று பேர் சிக்கிக்கொண்டார்கள். கீழே இருந்த பட்டாலியனுக்குப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. மேலே இருப்பவர்களைக் கூப்பிட வயர்லெஸ் இல்லை, அது எரிந்து போயிருந்தது. கூப்பிடுவதானால் பியூகிள் ஊதித்தான் கூப்பிட வேண்டும்; ஊதச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. இருபத்து நாலு வயது பியூகிள்காரன் பியூகிளை வாய்வரை தூக்கினான். குன்றைப் பார்த்தான். இறக்கிவிட்டான். திரும்பி வா என்று கூப்பிட்டு அந்த வீரர்களை அவமானப்படுத்த அவனுக்கு மனம் வரவில்லை. கீழே பட்டாலியன் போவதைப் பார்த்தும் நாற்பத்து மூன்று பேரும் இறங்காமல் ஆறு மணி வரை சண்டை போட்டுச் செத்தார்கள். அன்றிலிருந்து பட்டாலியனின் சின்னம், கயிற்றால் வாய் கட்டிய பியூகிள். அதன் கீழே இரண்டே சொல்: பின்னடி வையோம். அன்றிலிருந்துதான் கொடி இறக்கும்போது மௌனம்.

கேட்கிற பையன்களுக்கு மயிர் கூச்செறியும். சொல்கிறவரே அந்தப் பியூகிள்காரர் என்று தெரிந்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, ராஜ மரியாதைதான்.

நடந்தது வேறு. கமாண்டர் மற்றவர்களோடு பின்வாங்குவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பியூகிள்காரன் கையில் கட்டிவிட்டுச் சொன்னார்: “நாலரைக்கு ஊது. ஊதிட்டு நீயும் ஓடி வந்துடு.” குன்றுக்குக் கேட்க வேண்டும் என்றால் அங்கிருந்த தட்டைப் பாறை மேல் ஏறி நின்று ஊத வேண்டும். நாலரைக்கு அவன் ஒரு முழங்காலைப் பாறை மேல் வைத்தான். குண்டு ஒன்று பாறையில் பட்டு, சில்லு தெறித்து உதட்டைக் கிழித்தது. அவ்வளவுதான். பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. பியூகிள் வயிற்றுக்கு அடியில் கிடந்தது. மேலே நடுநடுவே துப்பாக்கிச் சத்தம் நிற்கும். கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கத்தான் நிறுத்துகிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் படுத்தே கிடந்தான். ஆறு மணிக்குச் சத்தம் அடியோடு நின்றது.

ஆஸ்பத்திரியில் உதட்டில் தையலோடு கிடந்தவனிடம் கமாண்டர் வந்தார். பக்கத்தில் பெரிய அதிகாரிகள் இரண்டு பேர். தோற்ற சண்டைக்கு ஒரு கதை தேவைப்பட்ட நேரம் அது. “கூப்பிட்டா அவங்களுக்கு அவமானம்னுதானே நீ ஊதல?” என்றார். அவன் தலையை ஆட்டினான். பேச முடியாதே, ஆட்டத்தானே முடியும் என்று பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தார். பக்கவாட்டிலும் ஆட்டியிருக்கலாம் இல்லையா?

அந்த ஒரு தலையாட்டலுக்குப் பதக்கம் வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது, மியூசியம் வந்தது. தையல்காரம்மாவும் வந்தாள்.

தையல்காரம்மா அந்தக் குன்றில் மெஷின்கன் பிடித்தவரின் மனைவி. கல்யாணமான எட்டாம் மாதம் தாலி போயிற்று. கேட் பக்கத்தில் ஒரு அறையும் ஒரு மிஷினும் கொடுத்தார்கள். எழுநூறு பேரின் தோள்களுக்கும் வாய் கட்டிய பியூகிளைத் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். கயிற்றை மட்டும் கையால் தைப்பாள், சிவப்பு நூலில். “அவர் வரணும்னு நினைச்சிருந்தா வந்திருப்பாரு. வேணாம்னு முடிவு பண்ணி நின்னாரு. அந்த நினைப்புலதான் எனக்குச் சோறு இறங்குது” என்பாள். ஊதாதவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் அறையைத் தாண்ட வேண்டியிருந்தால் மனிதர் மெஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போவார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் அவருக்கு ஒரே மகன். அவன் அதே பட்டாலியனில் சேர்ந்தான். ஊதாதவர் மகனுக்குக் கதவு திறக்கக் கேட்கவா வேண்டும்? இருபத்தாறு வயதில் ஒன்பது பேருக்கு செக்‌ஷன் லீடர். எல்லையில் மறுபடி சண்டை மூண்டது, பட்டாலியனுக்கு அழைப்பு வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் சொல்லிவிட்டுப் போக மியூசியத்துக்கு வந்தான்.

“பயப்படாதீங்கப்பா. உங்க பேரைக் கெடுக்க மாட்டேன்” என்றான்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். நனைந்த செய்தித்தாளை வாளியில் போட்டார். கதவைச் சாத்தினார். இருபத்தெட்டு வருஷம் தொண்டையில் கிடந்ததை மகனிடம் சொன்னார். பாறை, முழங்கால், உதடு, தலையாட்டல், எல்லாவற்றையும்.

மகன் சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு, “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“தையல் அத்தைக்கு?”

“தெரியாதுப்பா.”

“அப்போ எனக்கு மட்டும் எதுக்குச் சொன்னீங்க? அதுவும் இன்னிக்கு!”

“நீ திரும்பி வரணும்டா” என்றார். “வான்னு கூப்பிட்டா வந்துடு. அது மானக்கேடு இல்ல. இந்த அறையில நான் சொன்னதெல்லாம் பொய்.”

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். சல்யூட் வைக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து பட்டாலியன் திரும்பியது. ஒரு கால்வாய்க் கரையில் இரண்டு செக்‌ஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. பின்வாங்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு தெளிவாக வந்தது. மகன் தன் ஒன்பது பேரில் உயிரோடு இருந்த எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பக்கத்து செக்‌ஷனில் ஏழு பேர். எல்லோரும் சின்னப் பையன்கள், போன வருஷம்தான் சனிக்கிழமைக் கதை கேட்டவர்கள். “பின்னடி வையோம்” என்று வயர்லெஸ்ஸில் பதில் சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். ஏழும் பெட்டியில் வந்தன.

உத்தரவை மதித்தவன் கோழை, மதிக்காதவன் தெய்வம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? வாயைத் திறந்து யாரும் திட்டவில்லை. மெஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். துணி உலர்த்தும் கொடியில் காய்ந்த சட்டையில் இரண்டு தோளிலும் இருந்த சின்னத்தை யாரோ பிளேடால் அறுத்துப் போயிருந்தார்கள். அவன் கூட்டி வந்த எட்டுப் பேர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விசாரணையில் ஏன் வந்தாய் என்று கேட்டபோது, “ஆர்டர் வந்தது சார்” என்று மட்டும் சொன்னான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டிலும் பேச்சில்லை. சாப்பிட்டான், சுவரைப் பார்த்தான், படுத்தான்.

“ஊதாதவர் வயித்துல இப்படி ஒரு பிள்ளையான்னு கேக்குறாங்கங்க” என்று மனைவி அழுதாள். “பைப்படியில என் குடத்தைப் பார்த்தாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடுறாங்க. இவனுக்கு என்னங்க குறை வெச்சோம்?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டாலியன் நாள் வந்தது. அந்தக் குன்றுச் சண்டை நடந்த தேதிதான் அது. இரண்டு நாள் முன்பு கர்னலே வீடு தேடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் பின்கட்டில் இருந்தான். கர்னல் குரலைத் தணிக்கவும் இல்லை.

“இந்த வருஷம் நீங்க பேசணும். ரெண்டு நிமிஷம் போதும். அந்த ஏழு பேரும் உங்க வாரிசுங்கன்னு சொல்லுங்க. அவங்க அம்மா அப்பாவெல்லாம் வந்திருப்பாங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும். பட்டாலியன் கொடியில இருக்கிற சண்டைப் பேரோட அந்தக் கால்வாய் பேரையும் சேர்க்கப் போறோம்.”

“என் மகன் சார்?”

கர்னல் நல்ல மனிதர்தான். சங்கடத்தோடு மீசையைத் தடவினார். “வேற யூனிட்டுக்கு மாத்தல் கேட்டிருக்கான். கையெழுத்துப் போட்டுடுறேன். போற இடத்துக்கும் சேதி போகத்தான் செய்யும், ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா? நீங்க அவனைப் பத்தி எதுவும் பேசாதீங்க. உங்க பேருக்கு ஒரு குறையும் வராது.”

“சரிங்க சார்” என்றார். தலையும் ஆடியது. ஆடியதை அவரே கவனித்தார்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு மைதானம் நிறைந்துவிட்டது. முன் வரிசை நாற்காலிகளில் ஏழு வீட்டார். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தோளைத் தொட்டுத் தேற்றிக்கொண்டிருந்தது தையல்காரம்மா. அவளுக்குத்தானே அந்த வலி தெரியும். மகன் கடைசி வரிசையில் நின்றான். அவனுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

ஊதாதவர் பதக்கம் குத்திய கோட்டோடு மேடை ஏறினார். அடேயப்பா, என்ன கைதட்டல்! அடங்கும்வரை காத்திருந்தார்.

“எனக்குப் பேசத் தெரியாது” என்றார். “அன்னிக்கு நாலரைக்கு ஊதச் சொல்லி எனக்கு ஆர்டர். நான் ஊதல. வீரமெல்லாம் ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன். பாறைக்குப் பின்னால படுத்துக் கிடந்தேன்.”

அவர் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு இத்தனை வருஷம் தின்னேன். என் மகன் கிளம்பறப்போ அவன்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொன்னேன். அதனால எட்டுப் பேர் உயிரோட வந்தாங்க. இந்த ஏழு பிள்ளைங்ககிட்ட சொல்லல. பொய்யைத்தான் சொன்னேன், சனிக்கிழமை சனிக்கிழமை சொன்னேன். அதை நம்பித்தான் செத்தாங்க. என் மகன் கோழை இல்லீங்க. கோழைன்னு யாரையாவது சொல்லியே ஆகணும்னா நான் இங்கதான் நிக்கிறேன்.”

மைக்கை நிறுத்தச் சொல்லி கர்னல் கையைக் காட்டினார். மைக்செட்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஏழு வீட்டாரில் ஒரு தகப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஒன்றும் செய்யத் தோன்றாமல் மறுபடி உட்கார்ந்தார். கடைசி வரிசையில் மகன் இருந்த பக்கம் ஊதாதவர் பார்த்தார். அவன் முகம் அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

அப்போதுதான் தையல்காரம்மா எழுந்தாள். மேடைக்குக் கீழே வந்து நின்றாள். கையில் இன்னும் தண்ணீர் டம்ளர் இருந்தது.

“அப்போ அவரை வரச் சொல்லி ஆர்டர் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சும்மா.”

“நாலரைக்கா?”

“நாலரைக்கு.”

“ஆறு மணி வரைக்கும் அவர் மெஷின்கன் சத்தம் கேட்டுதுன்னு நீங்கதானே சொல்வீங்க.”

“ஆமாம்மா. அது நிஜம். ஆறு வரைக்கும் கேட்டுது.”

அவள் விரலை மடக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நாலரையிலிருந்து ஆறு வரை, கணக்கு ஒன்றும் பெரியது இல்லை.

“கீழ இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி” என்றார். வெறும் முணுமுணுப்புதான். மைக் அதையும் பிடித்து மைதானம் முழுக்கப் போட்டது.

“அவர் ரொம்ப வேகமா நடப்பாருண்ணா” என்றாள் அவள். “என்னால அவருக்கு ஈடா நடக்க முடியாது.”