திரையில் இருந்த சதாசிவம்

செனாய் தொழிற்பேட்டையில் வேலை செய்த பெண்களில் சதாசிவத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஸ்கூடாய்ப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் நின்று நின்று ஆளேற்றி, காலை ஷிப்ட்டுக்கு அவர்களைக் கொண்டுபோய் இறக்கும் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் அவர்தான். யாராவது பின்னால் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்துவார். ஏறியவரைத் திட்டமாட்டார். பேச்சு குறைவு. அந்த பஸ்ஸில் தினமும் முதல் இருக்கையில் உட்கார்ந்து, அவர் பேசாததையெல்லாம் சேர்த்துத் தானே பேசிக்கொண்டு வந்த பொந்தியான் ஊர்ப் பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார். அவள் பெயர் செல்வராணி. அக்காள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

செல்வராணி ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் கிராணி. கப்பலில் போகும் சரக்குக்குப் பத்திரங்கள் தயாரிப்பது அவள் வேலை. கைவிரல்களும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கணினியைத் திறந்ததும் கடவுச்சொல் கேட்குமே, அந்த முதல் திரையின் பின்னணிப் படத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பாள். தீபாவளி மாதத்தில் தன் வீட்டு வாசலில் தானே போட்ட கோலம், நோன்புப் பெருநாளுக்குத் தென்னோலையில் பின்னிய கெத்துப்பாட் சோறு, சீனப் பெருநாளுக்குக் கூடை நிறைய ஆரஞ்சுப் பழம். எல்லாம் அவளே எடுத்த படங்கள். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் காப்பிக் கோப்பையோடு வந்து, மலாயில் அக்கா முறை வைத்து, "கக் ராணி, இன்னிக்கு என்ன படம்?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் இடத்துக்குப் போவார்கள்.

"எதுக்கு இதுக்கெல்லாம் மெனக்கெடுற?" என்று சதாசிவம் ஒருமுறை கேட்டார்.

"உள்ள போனா வேலைதான். போறதுக்கு முன்னால ஒரு நல்லத பாத்துட்டுப் போலாமேங்க."

ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு அது தொடங்கியது. ஊரெல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் திரையில் தீபாவளிக் கோலம் இருந்தது. சிரிப்புக்குச் செய்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு கடவுச்சொல் மறக்கத் தொடங்கியது. தப்பாக அடித்து அடித்துக் கணினி பூட்டிக்கொள்ளும். கணினிப் பிரிவில் இருந்த காளிதாஸ் வந்து திறந்துவிடுவார். ஒருநாள் மாலை பஸ் கிளம்புமுன் காளிதாஸ் சதாசிவத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்கு பாஸ்வேர்டு மாத்திக் குடுத்துக்கிட்டே இருக்கேன். அது பரவால்ல. நேத்து என்னையப் பாத்து, 'நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. இத்தன வருஷமா ஒண்ணா சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்ண்ணே."

மருத்துவமனையில் பல சோதனைகள் செய்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்த மகள் சாந்தினி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மறதி நோய், வயதானவர்களுக்கு மட்டும் வருவதில்லை இது, சிலருக்கு முன்னதாகவே வந்துவிடும், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்று டாக்டர் சொன்னார். செல்வராணி பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு எல்லாம் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னாள். "ஏங்க, நான் எதையாவது மறந்துட்டா கோவப்படாதீங்க."

"எதுக்குக் கோவப்படப் போறேன்?"

"இல்ல, உங்களையே மறந்துட்டா."

சதாசிவம் சிக்னல் போட்டு இடது பக்கம் திரும்பினார். பின் இருக்கையில் சாந்தினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலையை விட்ட பிறகு வந்ததுதான் கஷ்டம். காலையில் குளித்து, அலுவலகச் சட்டையை மாட்டிக்கொண்டு, கைப்பையோடு கேட்டருகே வந்து நிற்பாள். சதாசிவம் பஸ் எடுக்கக் கிளம்புவார். அத்தனை பெண்களை ஏற்றுகிற பஸ்ஸில் தன் மனைவியை மட்டும் ஏற்ற முடியவில்லை. "இன்னிக்கு லீவு ராணி" என்பார். "யாரு குடுத்தா லீவு? நான் கேக்கலையே" என்பாள். அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். சதாசிவம் பஸ்ஸுக்குப் போன பிறகு பேச்சியம்மாள்தான் பார்த்துக்கொள்வார்.

விஷயம் கேள்விப்பட்ட காளிதாஸ், கம்பெனியில் கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கூடத்து மேசையில் வைத்துக் கொடுத்தார். செல்வராணி உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சிரமப்படுவாளே என்று சாந்தினி கடவுச்சொல்லை எடுத்துவிட்டதும் கோபம் வந்தது. "பாஸ்வேர்டு இல்லாத கம்ப்யூட்டரா? வர்றவன் போறவனெல்லாம் நுழைவான்." கடைசியில் ராணி என்கிற நான்கு ஆங்கில எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்தார்கள். அதைத் தினமும் அடித்து உள்ளே போய், ஏதாவது தட்டிக்கொண்டிருப்பாள். வேலைக்கு வந்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

ஆனாலும் அரைமணிக்கு ஒருமுறை, "அவர் எங்க?" என்று கேட்பாள். பேச்சியம்மாள் சொன்னால் நம்பமாட்டாள். சதாசிவம் தாளில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டிவைத்தால், "யாரோ கிறுக்கி ஒட்டியிருக்காங்க" என்று கிழித்துவிடுவாள். அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. யார் சொல்வதையும் கேட்காதவள் அந்தக் கணினி காட்டுவதை மட்டும் கேட்டாள். அலுவலகத்தில் கூட்டம், லீவு, அறிவிப்பு எல்லாம் அதில்தானே வந்திருந்தது.

அவர் அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. சாந்தினிக்குப் போன் போட்டார்.

"செட்டிங்ஸ் திறந்தீங்களாப்பா? அதுல பெர்சனலைசேஷன்னு இருக்கும். அதுக்குள்ள லாக் ஸ்கிரீன்."

"இரும்மா, அந்த அம்பு ஓடிப்போயிடுது."

"அலமாக், மெதுவா தள்ளுங்க லா. பஸ் ஸ்டியரிங் இல்ல அது."

வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். தமிழில் டைப் அடிக்க அவருக்குத் தெரியாது. வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, போனில் படம் எடுத்து, அந்தப் படத்தைத் திரையில் போட்டார்.

"ராணி, இன்று உனக்கு லீவு. நான் பஸ் எடுக்கப் போயிருக்கிறேன். இரண்டு மணிக்கு வந்துவிடுவேன். சாப்பாடு மேசையில் இருக்கிறது. சதாசிவம்."

மறுநாள் அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். "ரெண்டு மணிக்கு வந்துடுவாராம்" என்று பேச்சியம்மாளிடமே சொன்னாள். அன்று முழுக்க அவரைத் தேடவில்லை.

அதன் பிறகு சதாசிவம் தினமும் புதிதாக ஒன்று எழுதினார். இன்று மழை, வெளியே போகாதே. இன்று சாந்தினி வருகிறாள். இன்று உனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல். வாயால் சொல்லிப் பழகாத சிலதையும் எழுதினார். கல்யாணத்தன்று நீ கட்டியிருந்த பச்சைச் சேலை நன்றாக இருந்தது என்று ஒருநாள் எழுதிவைத்தார். வீட்டுக்கு வந்தபோது செல்வராணி, "ஆபீஸ்ல யாரோ என் சேலையப் பத்தி எழுதியிருக்காங்க" என்று வெட்கத்தோடு சொன்னாள். தான்தான் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் அடைமழை. ஸ்கூடாய்ச் சாலையில் தண்ணீர் ஏறி வண்டிகள் நகராமல் நின்றன. சதாசிவத்தால் பஸ்ஸை விட்டு இறங்கவும் முடியவில்லை. இரண்டு மணி ஆனதும் திரையை நம்பி செல்வராணி எழுந்தாள். பேச்சியம்மாள் குளியலறைக்குப் போயிருந்த நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு, பழைய பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். வெகுநேரம் தேடி அவளைக் கண்டுபிடித்தபோது உடம்பு முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். "பஸ் இன்னும் வரல" என்று மட்டும் சொன்னாள். அந்த மாதக் கடைசியில் சதாசிவம் வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எழுதிய எதிலும் மணி இல்லை.

அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கிய காலத்தில்தான் எழுத்துகள் அவளை விட்டுப் போயின. திரையை உற்றுப் பார்ப்பாள், உதடு அசையும், சத்தம் வராது. "இது என்ன பாஷை?" என்று கேட்டாள். எழுத்தை விட்டுவிட்டுப் படமாகப் போட்டுப் பார்க்கலாம் என்றாள் வார விடுமுறைக்கு வந்திருந்த சாந்தினி. பழைய ஆல்பத்திலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். நீலச் சட்டையும் கறுத்த மீசையுமாக, பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கும் இளம் சதாசிவம். கல்யாணத்துக்கு முன் செல்வராணியே எடுத்தது.

திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. விரலால் அந்த மீசையைத் தொட்டாள். பிறகு பக்கத்தில் நின்ற சதாசிவத்தைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, இவர் எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

சாந்தினி குறுக்கிட்டு, "அம்மா, இதுதாம்மா அப்பா" என்றாள். செல்வராணி பயந்துபோய் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவர் மகளைக் கையமர்த்திவிட்டு, "வந்துடுவாரும்மா" என்றார்.

அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன். குளிப்பாட்டினார், தலை பின்னினார், சோற்றைப் பிசைந்து ஊட்டினார். ஊட்டும்போது அவள் தன் புருஷனைப் பற்றிச் சொல்வாள். "ரொம்ப பேசமாட்டாரு. ஆனா யாரையும் விட்டுட்டுப் போகமாட்டாருண்ணே, நிறுத்தி ஏத்திக்குவாரு." அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போதைய முகத்தைப் போட்டால் பழகிவிடுவாளோ என்று ஒருமுறை முயன்று பார்த்தார்கள். நரைத்த தலையோடு அவர் படம் திரையில் வந்ததும், "யாரோ ஒரு ஆளு என் கம்ப்யூட்டருக்குள்ள வந்துட்டான்" என்று கத்தி அழுதாள். பேச்சியம்மாள் ஓடி வந்தார். சதாசிவமே பழைய படத்தைத் திரும்பப் போட்டார். அதைப் போட அவருக்கு இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாலை அவள் அவர் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "நீங்க கிளம்புங்கண்ணே. எனக்காக எவ்வளவு நேரம் இருப்பீங்க? உங்க வீட்டுல தேடுவாங்க. அவர் வந்துடுவாரு."

"பரவால்லம்மா."

"இல்ல, போங்க. பாவம் உங்க வீட்டுக்காரம்மா."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு பின்வாசல் வழியாக உள்ளே வந்து, அலமாரியில் இருந்த நீலநிற பஸ் ஓட்டுநர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் வயிற்றில் சேரவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலில் நுழைந்து, "ராணி, வந்துட்டேன்" என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு நேரமா? ஒரு அண்ணன் துணைக்கு இருந்தாரு. இப்பதான் போனாரு. நல்ல மனுஷன்."

சில வாரங்கள் அது பலித்தது. மாலை ஆனால் அண்ணன் விடைபெறுவார், புருஷன் வருவார். பிறகு அதுவும் பலிக்காமல் போனது. நீலச் சட்டையில் வந்தவரையும் அவள் அண்ணே என்றாள். படத்தை மட்டும் கடைசிவரை அடையாளம் கண்டாள். கடவுச்சொல் அடிக்க விரல் வராத நாட்களிலும், அந்தத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தால் போதும், அமைதியாக இருந்தாள்.

டிசம்பர் மழையில் சளி பிடித்து நெஞ்சுக்கு இறங்கியது. மருத்துவமனையில் சதாசிவம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். யார் கையென்று அவளுக்குத் தெரிந்ததா என்பது அவருக்குத் தெரியாது.

கருமாதி முடிந்து எல்லாரும் போன பிறகு சாந்தினி அப்பாவுக்குப் பால் சேர்க்காத தே ஓ தேநீர் கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு பேசினார்.

"அந்தப் படத்துல இருந்த ஆளு மேல எனக்குக் கோவம்கூட வந்திருக்கும்மா. குளிப்பாட்டல, ஊட்டல, ஒண்ணும் செய்யல அவன். ஆனா அவனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தா."

"அது நீங்கதானேப்பா."

"தெரியும்மா." கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும். ஆனாலும்."

அவர் அழுவதைச் சாந்தினி அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள்.

கணினியை எடுத்துப் போகலாமா என்று கேட்க காளிதாஸ் ஒருநாள் வந்தார். "இல்ல, வச்சுக்கிறதா இருந்தா அக்கா படத்த போட்டுத் தர்றேன்ண்ணே" என்றும் சொன்னார். சதாசிவம் யோசித்தார். "வேணாம் தம்பி. அவளோட கம்ப்யூட்டர். அவ என்ன பாத்தாளோ அது இருக்கட்டும்" என்றார்.

இப்போது அவர் ஸ்கூடாயில் ஒரு பள்ளி வேன் ஓட்டுகிறார். தனியாகத்தான் இருக்கிறார். வாரக் கடைசியில் சாந்தினி வந்து போகிறாள். வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்ததும், பேச்சுத் துணைக்கு யாருமில்லாத அந்தக் கூடத்தில், சில நாள் கணினியைப் போடுகிறார். கடவுச்சொல் கேட்கும் திரை வருகிறது. அவர் எதையும் அடிப்பதில்லை. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்துவிட்டு, அரிசி களையப் போகிறார்.