பீரோவுக்குப் பின்னால்

வில்லியனூர் கடைத்தெருவில் அப்துல் ஹலீமைத் தெரியாத கொத்தனார் கிடையாது. பெயிண்ட், பட்டி, பிரஷ் என்று சுவருக்கு மேல் பூசுகிற எல்லாமும் விற்கிற கடை அவருடையது. "பாய், சுவத்துல கோடு வுட்டிருக்கு" என்று யாராவது வந்து நின்றால் போதும். எந்தப் பக்கம், சாரல் அடிக்கிற பக்கமா, நேராக ஓடுகிறதா சாய்வாக ஓடுகிறதா என்று பாதி வைத்தியர் மாதிரி விசாரிப்பார். "பூச்சு வெடிப்புதான், பயப்படாதே" என்று டப்பாவை நீட்டுவார். சிலரிடம் மட்டும், "இதுக்கு என் கடையில மருந்து இல்ல, மேஸ்திரியக் கூப்பிடு" என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரின் வீட்டிலேயே சுவர் வெடித்தால் அவர் மனைவி யாரிடம் போய்ச் சொல்வாள்? பரிதாவுக்கு வந்த கஷ்டம் அதுதான்.

பரிதா தையல்காரி. இருபத்தாறு வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறாள். கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்தான் முதலில் பின்னறைக் கதவைப் பார்த்தது. தை மாதம் சும்மா தள்ளினால் மூடிய கதவு, மாசியில் கையால் அழுத்தினால் மூடியது. பங்குனியில் தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் மரம் ஊறிப் பிடிப்பது சகஜம். அனலடிக்கிற பங்குனியில் எந்தக் கதவு ஊறும்? பரிதா நிலைச் சட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பக்கம் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டை விரல் போகிற சந்து, மறுபக்கம் ஒரு தாள்கூட நுழையாது. சட்டமே கோணிக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் சுவரில் இருந்த கோடும் கண்ணில் பட்டது. சன்னலின் மேல் மூலையில் கிளம்பி, செங்கல் செங்கலாகப் படியேறி, பக்கத்தில் நிற்கிற இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"பூச்சு வெடிப்பு" என்றார் ஹலீம், சுவரைச் சரியாகப் பார்க்காமலே. கடைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமையில் பட்டி வைத்துத் தேய்த்து, அதே பிஸ்கட் நிறத்தை அடித்தார். பன்னிரண்டே நாளில் கோடு திரும்பவும் வாயைத் திறந்தது.

வேறு சமயமாக இருந்தால் பரிதாவும் விட்டிருப்பாள். ஆனால் விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் அஃப்ரின் தலைப்பிரசவத்துக்கு வரப் போகிறாள். எட்டு மாதம். வீட்டில் இருப்பது இரண்டே அறை, அதில் குளியலறை சேர்ந்திருப்பது பின்னறை மட்டும்தான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போகச் சொல்ல முடியுமா? கட்டில் சரியாக அந்தச் சன்னலுக்குக் கீழேதான் கிடந்தது. நாளைக்குத் தொட்டில் கட்டினாலும் அங்கேதான் கட்ட வேண்டும். அந்தச் சுவர் நிற்குமா என்பது ஒன்றுதான் பரிதாவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதில் கணவர் மேல் ஒரு கோபமும் இருந்தது. ரெண்டு வருஷமாக அவர் பின்னறையில்தான் தனியாகப் படுக்கிறார். முன்னறை ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிறதாம். புது ஃபேன் மாட்டியும் மனிதர் திரும்பி வரவில்லை. பரிதா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, மனசுக்குள் மட்டும் ஒரு மூலையில் வைத்திருந்தாள். இப்போது மகளுக்கு அந்த அறை என்றதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அவள முன் ரூம்ல போடு. தெருக்காத்து நல்லா வரும்."

"பாத்ரூமுக்கு இன்னா பண்ணுவா? உங்க சொகம் பெருசா போச்சா உங்களுக்கு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பெற்ற மகளுக்குக் கட்டிலை விட்டுத்தர மனசில்லாத மனுஷன் என்று பரிதா அன்றைக்குப் பூராவும் மிஷினோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அபிஷேகப்பாக்கம் செல்லப்பன் மேஸ்திரிக்குப் போன் போட்டாள், கணவர் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து. செல்லப்பன் வந்ததும் கோட்டைப் பார்க்கவில்லை. வெளியே போய் வீட்டை ஒரு சுற்று சுற்றினார். தரையோரம் குந்தி, கையால் மண்ணைத் தட்டினார். பிறகுதான் உள்ளே வந்தார்.

"பூச்சு வெடிப்புன்னா மசுரு மாதிரி கன்னாபின்னான்னு ஓடும்க்கா. இது படி ஏறுது பாரு. கீழ ஒல்லி, மேல அகலம். எனக்கென்னவோ மூலை எறங்குதுன்னு தோணுது."

"வுழுந்துடுமா, மேஸ்திரி?"

"பொறுக்கா, பயப்படாத. வெடிப்புல நின்னு போனதும் உண்டு, இன்னும் நடக்கிறதும் உண்டு. மொதல்ல அதக் கண்டுபுடிப்போம். ஒடஞ்ச போட்டோ ஃப்ரேம் கண்ணாடி இருக்குதா?"

விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டினார். வெடிப்பு நின்று போனதாக இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும், இன்னும் நகர்கிறது என்றால் தாங்காமல் உடைந்துவிடும் என்றார். எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியவள் பரிதா அல்லவா?

சாயந்திரம் ஹலீம் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் பரிதா நின்றாள். அவரோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துவிட்டு, தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளு செய்யப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார்.

அந்த நாட்களில் பரிதா ஒரு ரவிக்கையை முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து பின்னறைக்குப் போனாள். மேம்பாலத்துப் பக்கம் லாரி போனால் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். தன் மிஷின் ஓட்டத்தில் சுவர் அதிருமோ என்று பயந்து மிஷினையே வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஒரு வாடிக்கைக்காரிக்கு இடது கை, வலது கை அளவைக்கூட மாற்றித் தைத்துவிட்டாள். அவள் கைக்கு அப்படி ஒரு பிழை வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

எட்டாம் நாள் அஃப்ரின் வந்து இறங்கினாள். வீங்கின காலோடு நேராகப் பின்னறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தாள். "அத்தா எங்கம்மா? இது இன்னா, சுவத்துல கண்ணாடி?" என்றாள். அதுவரை உடையாத கண்ணாடியை நம்பிப் பரிதா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அன்றைக்கு ஹலீம் பின்னறைத் தரையிலேயே பாயை விரித்துக்கொண்டார், மகளுக்குத் துணையாம்.

ஒன்பதாம் நாள் காலையில், ஹலீம் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், கண்ணாடி குறுக்கே உடைந்திருந்தது.

"அஃப்ரின், எந்திரி. எந்திரிம்மா, முன் ரூமுக்கு வா." மகளை அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டுத்தான் கணவருக்கும் மேஸ்திரிக்கும் போன் செய்தாள். கதவை ஓங்கிச் சாத்தியிருப்பார்கள் என்று ஹலீம் சொல்வார் என எதிர்பார்த்தாள். "வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

செல்லப்பன் அந்த மூலைக்கு வெளியே பள்ளம் தோண்டினார். மேலே ஓரடி மண் கல் மாதிரி இருந்தது. அதற்குக் கீழே கடப்பாரை கைக்கு வேலையே வைக்காமல் தானாக இறங்கியது. அள்ளி வெளியே போட்ட மண் கேழ்வரகுக் களி மாதிரி தொப்பென்று விழுந்தது.

"மழை பேஞ்சு மூணு மாசம் ஆவுது. செப்டிக் டேங்கு அந்தப் பக்கம். இங்க எப்படி ஈரம்? ஏற்கெனவே இது வயல மேடாக்கின எடம். அஸ்திவாரக் கடக்காலுக்குக் கீழ மண்ணு கரைஞ்சு எறங்குது பாய். எங்கேர்ந்தோ தண்ணி வந்துகினே இருக்குது."

பரிதாவின் கண் மருதாணிச் செடி மேல் போனது. ஊரே காய்ந்து கிடக்கிற நாளில் அது மட்டும் சுவர் மூலையில் தளதளவென்று நின்றது. அதற்குப் பக்கத்தில்தான் குழாய். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டி முடித்ததும் ஹலீம் தன் கையால் வைத்த குழாய், உட்கார ஒரு சின்னக் கல். ஒளுத் தண்ணீர் சாக்கடையில் கலக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அப்படிச் சட்டம் ஒன்றுமில்லை, அவர் மனசுக்கு அது ஒரு மரியாதை. அதனால் தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிட்டார். தினம் விடியல் தொழுகையான சுபுஹிலிருந்து இரவுத் தொழுகையான இஷா வரை ஐந்து வேளை. பதினோரு வருஷம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்நியர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? அவள் தயங்கிய நேரத்தில் ஹலீமே வாயைத் திறந்தார்.

"ஒளுத் தண்ணி வூட்ட இடிக்குமா, மேஸ்திரி?"

செல்லப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பரிதாவைப் பார்த்தார்.

"தண்ணிக்கு இன்னாங்க தெரியும்?" என்றாள் பரிதா மெதுவாக. "நீங்க நல்லதுக்குத்தான் வுட்டீங்க. அது கீழ மண்ணு இருந்தா ஊறத்தான செய்யும்."

ஹலீம் கல்லில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, ஸ்பேனர் எடுத்து வந்து குழாயைத் தானே கழற்றினார்.

வேலை தொடங்குமுன் அறையைக் காலி செய்ய வேண்டும். கட்டில் போனது, பாய் போனது. செல்லப்பனும் அவர் ஆளும் பீரோவை நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால் வெடிப்பு சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது. பரிதாவின் பார்வை அதில் நிற்கவில்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த பென்சில் எழுத்தில் நின்றது.

வெடிப்பின் ஓரமாகச் சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி, ஓர் அளவு. ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். ஒன்றரை நூல். இரண்டு நூல். கடைசியில் நாலு நூல். பீரோ இடுக்கில் கைவிட்டு எழுதியிருந்தாலும், கடைப் பில்லில் அவள் தினம் பார்க்கிற அதே சாய்ந்த கையெழுத்து. எண்ணிப் பார்த்தாள், பதினான்கு தேதிகள். முதல் தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அவர் முன்னறையை விட்டுப் பின்னறைக்குப் படுக்கை மாற்றிய வாரம்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தவரிடம் போனாள்.

"ஃபேன் சத்தம்னு சொன்னீங்க."

அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"கடைக்கு வர்றவனுக்கெல்லாம் மேஸ்திரியக் கூப்பிடுன்னு சொல்றீங்க. நம்ம வூட்டுக்கு ஏங்க சொல்லல?"

"ஊராருக்குச் சொல்றது ஈசியா இருக்குது பரிதா. நம்ம வூடுன்னா வாய் வரல. நின்னுடும், நின்னுடும்னு பாத்தேன். சொன்னா நீயும் தூங்கமாட்டே. ஒருத்தரு தூங்காம இருந்தா போதாதா?"

"அதுக்கு? அது கீழயே போயி படுத்துக்கறதா?"

"நான் அங்க படுத்தா வேற யாரும் படுக்கமாட்டாங்கல்ல."

பரிதாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரெண்டு வருஷம் இந்த ஆளைத் தப்பாக நினைத்ததற்காகத் தன் மேலும், நினைக்க வைத்ததற்காக அவர் மேலும் வந்த ஆத்திரம். "போங்க அந்தாண்ட" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செல்லப்பன் அவசரப்படவில்லை. கூரைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தார். மூலையை ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் கையோடு வந்துவிடும் என்று, மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டார். முதல் பங்கை மட்டும் பழைய கடக்காலுக்குக் கீழே நல்ல மண் தட்டுப்படும் வரை தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, இறுகும் வரை ஒரு வாரம் சும்மா இருந்தார். பிறகு அடுத்ததைத் தோண்டினார். மூன்றாம் பங்கு தோண்டியிருந்த அன்றுதான் அஃப்ரினுக்கு வலி எடுத்தது. பரிதா மகளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஹலீம் கூடவரத்தான் ஆட்டோ வரை வந்தார், பிறகு அந்தரத்தில் நிற்கிற மூலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். அன்றைக்குக் கலவைச் சட்டி தூக்கியவர்களில் அவரும் ஒருவர். பெண் குழந்தை என்று போன் வந்தபோது கையெல்லாம் சிமெண்ட். செல்லப்பன்தான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

வெடிப்புக்குக் குறுக்கே கம்பி வைத்துத் தைத்துப் பூசி, சுவரோரம் தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கம் சாய்வாகத் தளம் போட்டார்கள். புதுக் குழாய் தள்ளிப் போய்த் தென்னை மரத்தடியில் நின்றது. பிடுங்கின மருதாணியின் இலையை அரைத்துப் பரிதா மகளின் கைக்கு வைத்தாள். கடைசியாகச் செல்லப்பன் சுவரில் புதுசாக ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார். "ஒரு நல்ல மழை பாத்துடட்டும் பாய். அப்புறம் பயமில்ல."

மழை வரும்வரை அஃப்ரினும் குழந்தையும் முன்னறையில் இருந்தார்கள். ஹலீம் மறுபடியும் பின்னறையிலேயே படுத்தார். இந்தத் தடவை பரிதா காரணம் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் தன் பாயையும் விரித்தாள்.

"நீ எதுக்கு இங்க?"

"ஃபேன் சத்தம்" என்றாள்.

வைகாசிக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் அடித்தது மழை. முற்றமெல்லாம் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் காலை மழை வெறித்ததும் பரிதா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள். ஹலீம் ஏற்கெனவே அங்கே சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. கண்ணாடித் துண்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"ஒடையல" என்றார்.

பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, புதுப் பூச்சின் மேல் அன்றைய தேதியை எழுதினார். அளவு போடும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. பிறகு குனிந்து, இரண்டு வருஷமாகப் பின்னறைக்கென்றே ஆகிப்போன தன் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"புள்ளைய இந்த ரூமுக்குத் தூக்கினு வந்துடு" என்று பரிதாவிடம் சொல்லிவிட்டு முன்னறைக்கு நடந்தார்.