வள்ளிநாயகி அழுத நாடகம்

மலாயாவில், லுக்குட்டைத் தாண்டி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கூலி லயத்திலிருந்து படிக்க வந்த பெண் என்றால் அப்போது வீரமுத்து மகள் வள்ளிநாயகி ஒருத்திதான். அவளுக்குப் பதினாறு வயது. ரப்பர்ப் பால் ஏற்றும் லாரியில் தொற்றிக்கொண்டு வருவாள். பாவாடையில் பால் நாற்றம் அடிக்கும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டுப் பெண்கள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அதைக் கவனிக்காதது போல இருக்க அவள் பழகியிருந்தாள்.

பள்ளியில் மாலை நேரத்துக் கழகங்கள் மூன்று இருந்தன. பூப்பந்துக் கழகத்துக்கு மட்டை வேண்டும், இசைக் கழகத்துக்கு வயலின் வேண்டும். நாடகக் கழகத்துக்கு வாய் இருந்தால் போதும் என்பதால் அவள் அதில் சேர்ந்தாள். அதை நடத்தியவர் கனகசுந்தரம் சார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாதவர். ஆண்டு விழாவில் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு நாடகம் போடுவார். தமிழ் நாடகத்தை அவரே எழுதுவார். ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் ஒத்திகை நாலரைக்கு முடிந்தாக வேண்டும். மேடை என்பது நாலு சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டதுதான்.

அந்த வருடம் அவர் எழுதியது, கப்பலேறிப் போன புருஷனை நினைத்து அழுகிற பெண்ணின் கதை. கிராணி மகள் ஆனந்தவல்லிக்குத்தான் முதலில் அந்த வேஷம். அவள் அழுதால் தும்முவது போல இருந்தது. மூலையில் நின்ற வள்ளிநாயகியை சார் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் ஒருக்கா அழுது காட்டும்."

அவள் மேசை மேல் ஏறி முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்து ஓலமிடவில்லை. தொண்டைக்குள்ளேயே அடக்கி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

"ஏய்யா... ஒம் பங்கு வட்டில்லயே கெடக்குய்யா... ஆறிப் போவுதுய்யா..."

பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எங்க பிடிச்சனீர்?" என்று கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள்.

பிடித்தது பக்கத்து வீட்டிலிருந்து. லயத்தில் அவர்கள் வீட்டுக்கும் தாயம்மா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். தாயம்மாவின் புருஷன் சன்னாசி, தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்றவன். நாற்பத்தெட்டில் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி வெள்ளைக்கார சர்க்கார் சங்கத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது அகப்படாமல் காட்டுக்குள் போய்விட்டான். அஞ்சு வருஷமாக அவன் உயிரோடிருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. தாயம்மா பகலில் பால் வடிக்க மரம் வெட்டினாள், பால் தூக்கினாள், வேலை வாங்கும் மண்டோரோடு சண்டை பிடித்தாள். சாப்பாட்டு வேளையில் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து அந்த அழுகையை அழுதாள். முள்வேலிக்குள் அடைபட்ட லயத்தில், அரிசி அளந்து கொடுத்த காலத்தில், காட்டில் இருக்கிறவனுக்குச் சோறு வைத்தேன் என்று சொல்வதே ஜெயிலுக்குப் போகிற பேச்சு. அதனால்தான் அவ்வளவு மெல்ல அழுதாள். அது வள்ளிநாயகிக்குப் பாட்டு மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

ஆண்டு விழா பகலில் நடந்தது. தோட்டத்துத் துரைமார் வந்திருந்தார்கள். அவர்களோடு சர்க்காரின் பிரசார அதிகாரி ஒருவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வள்ளிநாயகி அழுதபோது கிராணி வீட்டம்மாக்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். தள்ளி உட்கார்ந்த பெண்களெல்லாம் அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை.

அடுத்த வாரம் அதே அதிகாரி ஒலிப்பதிவுப் பெட்டியோடு பள்ளிக்கு வந்தார். காட்டில் இருக்கிறவர்களைச் சரணடையச் சொல்லி ஒலிபெருக்கி வைத்த வேன் ஒன்று காட்டோரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் வேண்டுமாம். பதிலுக்கு நாடகக் கழகத்துக்குச் சரியான மேடையும் திரையும் கட்டித் தருவார்களாம். வள்ளிநாயகிக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைக்கச் சிபாரிசும் செய்வார்களாம்.

"சரணடைஞ்சா உயிருக்கு ஆபத்தில்லை எண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கினம். நீர் செய்யிறது நல்ல காரியம், பிள்ளை," என்றார் சார்.

அவளும் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை. வகுப்பறைக் கதவைச் சாத்தி, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மேடையில் அழுததைவிடவும் நன்றாக அழுதாள். கடைசியில் அதிகாரி எழுதிக்கொடுத்த வரியையும் சேர்த்துக்கொண்டாள். "வெளிய வந்துருய்யா, ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

வேன் அவர்கள் தோட்டத்துப் பக்கம் வந்தது ஒரு சாயங்காலம். பெண்கள் குழாயடியில் வாளியோடு நின்றார்கள். சிவப்புமண் சடக்கில் வேன் ஊர்ந்து போக, அதன் தலையில் இருந்த புனல்களிலிருந்து அந்தக் குரல் ரப்பர்த் தீம்பார் முழுக்கப் பரவியது. ஏய்யா, ஒம் பங்கு வட்டில்லயே கெடக்குய்யா.

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பித் தாயம்மாவைப் பார்த்தார்கள்.

தாயம்மாவின் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "நா பேசலயே," என்றாள். "நா இங்கதான நிக்கிறேன்? பாத்துக்கங்க, நா இங்கதான நிக்கிறேன்!" ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் வள்ளிநாயகியின் முகத்தில் வந்து நின்றாள். வள்ளிநாயகி குனிந்துகொண்டாள்.

தாயம்மா கையை ஓங்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

வேன் ஒரு வாரம் சுற்றியது. பிறகு ஒரு நாள், விடிந்து மரம் வெட்டப் போன நேரத்தில், காட்டோரத்து மர நிரையில் வேட்டுச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் சன்னாசி. கையைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான் என்று பக்கத்து நிரையில் நின்ற நல்லசாமி பார்த்ததாகச் சொன்னான். பதுங்கியிருந்து சுட்ட பட்டாளத்துக்காரர்கள், அவன் கையைத் தூக்கவே இல்லை என்றார்கள். மறுநாள் விசாரணைக்குப் போய்வந்த நல்லசாமி, தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தான்.

பிணத்தைப் போலீஸ் நிலையத்து வாசலில் கிடத்தி, அடையாளம் சொல்லத் தாயம்மாவைக் கூட்டிப்போனார்கள். வள்ளிநாயகியும் போனாள். அப்பா வீரமுத்து தடுத்தும் கேட்கவில்லை. ஆள் எலும்பும் தோலுமாக இருந்தான். கால்சட்டையைக் கொடியால் கட்டியிருந்தான். தாயம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வேலியோரம் வள்ளிநாயகி நின்றாள்.

"அக்கா... நா வேணும்னு செய்யலக்கா. உசுரோட வந்துருவார்னுதான் சொன்னாங்க."

"நா கூப்பிட்டிருந்தா என்னைக்கோ வந்திருப்பாருடி," என்றாள் தாயம்மா. குரல் உயரவே இல்லை. "கூப்பிடக் கூடாதுன்னுதான் அஞ்சு வருசமா வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். நீ மைக் வச்சுக் கூப்பிட்டுட்ட."

காட்டுக்காரன் பெண்டாட்டி தோட்டத்தில் இருக்கக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். தாயம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு புக்கிட் பெலண்டோக்கில் இருந்த தங்கை மாரியம்மா வீட்டுக்குப் போனாள். லயத்தில் வீரமுத்துவை யாரும் திட்டவில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். மனிதர் ஒரு வருஷம் தாங்கினார், பிறகு வேறு தோட்டத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டு போனார்.

வள்ளிநாயகி கனகசுந்தரம் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"நாங்கள் செய்தது நாடகம், பிள்ளை. சுட்ட துவக்கு எங்கட கையில இல்லைத்தானே?" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "அவை கேட்டால் நான் மாட்டன் எண்டு சொல்லேலுமே? எனக்கும் குடும்பம் இருக்கு."

சொன்னபடி மேடை வந்தது. சிவப்புத் திரையும் வந்தது. திறப்பு விழாவில் அவளுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். வாங்கியதும், அந்த அழுகையை ஒரு தடவை அழுது காட்டும்படி தலைமையாசிரியர் மைக்கிலேயே கேட்டார். சிபாரிசுக் கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். வள்ளிநாயகி புதுமேடையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முழுதாக அழுது காட்டினாள். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். சாரும் தட்டினார்.

ஆசிரியையானாள். பாரோயில் வீடு, புருஷன், மூன்று பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. வேலை பார்த்த பள்ளிகளில் நாடகத்தை மட்டும் கையில் எடுக்க மாட்டாள். காய்கறித் தோட்டக் கழகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெயிலில் பிள்ளைகளோடு பாத்தி கொத்துவாள். தலைமையாசிரியர்கள் அவளை மேடைக் கூச்சம் உள்ள டீச்சர் என்று நினைத்தார்கள்.

தாயம்மா இறந்துபோன செய்தி, தலை நரைத்த பிறகு, யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பஸ் பிடித்துப் புக்கிட் பெலண்டோக் போனாள். வாசலில் மாரியம்மா மறித்து, "யாரு நீங்க?" என்றாள். பெயரைச் சொன்னாள். மாரியம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. உள்ளே பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"பாக்கணும்னா பாத்துட்டுப் போங்க," என்றாள் மாரியம்மா, வழியைவிட்டு விலகி. "ஆனா இங்க அழுவாதீங்க."

வள்ளிநாயகி உள்ளே போய்ப் பார்த்தாள். முகம் சின்னதாகச் சுருங்கி, யாரோ போல இருந்தது. அழாமல் நின்றுவிட்டு வெளியே வந்து, வெயிலில் சடக்கோரமாக நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.