மழை விட்ட பிறகு வந்த ஆறு

குற்றச்சாட்டு: 1976ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை, தியாகராய நகரிலுள்ள மின்தொழிற் பயிற்சி நிலையம், கோட்டூரை ஒட்டிய அடையாற்றங்கரைப் பள்ளத்தெருவில் வசிக்கும் சி. தேவானையின் பெயரை, தொடர்ந்து மூன்று வகுப்புகளுக்கு வரவில்லை என்று காரணம் காட்டி, வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்தது. அந்த மூன்று வகுப்புகளின்போதும் அவளுடைய வீடு ஆற்றுக்குள் இருந்தது. நிலையத்துக்கு இது தெரியும். சனிக்கிழமையே தொலைபேசியில் சொல்லப்பட்டது. தெரிந்தே செய்த காரணத்தால் இதைத் தவறு என்று எழுத என் கை மறுக்கிறது; குற்றம் என்றே எழுதுகிறேன்.

எழுதுகிற நான் பள்ளத்தெருப் படிப்பகத்தின் செயலாளர் சண்முகவேல். பகலில் விறகுத் தொட்டியில் எடை போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியைப் படிப்பகத்துக்கு வந்த பத்திரிகைகளிலிருந்து நானே கற்றுக்கொண்டேன். தேவானையின் விண்ணப்பத்தில் ‘பரிந்துரைத்தவர்’ என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. அந்த விண்ணப்பத்தின் படியும், நிலையம் அச்சிட்டுக் கொடுத்த விதித்தாளும், அவள் பெற்ற ஒவ்வொரு ரசீதும் என்னிடம் பத்திரமாக உள்ளன. கேட்டால் காட்டுவேன். ஆனால் இதை எழுதத் தூண்டியது அவை அல்ல. நிலைய முதல்வர் திரு. ராஜரத்தினம் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி.

“யாருங்க இந்தப் பொண்ணு? இவ ஒருத்திக்காக நாங்க விதியை மாத்தணுமா?”

கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆகவே நம் படிப்பக மலரின் வாசகர்கள் அறியவும், அவர் அறியவும், அந்தப் பெண் யார் என்பதை எழுதுகிறேன்.

தேவானை பள்ளத்தெருவிலேயே பிறந்தவள். தகப்பனார் சின்னப்பையன் கிணறு தூர்வாரும் வேலைக்குப் போனவர். அவள் சிறுமியாக இருந்தபோதே காலமானார். தாய் செண்பகம் கட்டட வேலையில் சித்தாள். ஐந்தாம் வகுப்போடு மகளும் தாயின் பின்னால் கல் சுமக்கப் போனாள். இன்று அடையாறு பகுதியிலும் தியாகராய நகரிலும் இருக்கிற எத்தனையோ மாடிகளுக்குத் தாயும் மகளும் செங்கல் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மாடிகளில் ஒன்றில்கூட அவர்கள் பிறகு கால் வைத்ததில்லை.

கஸ்தூரிபாய் நகரில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஊற்றுத் தண்ணீர் பொங்கியது. அதை இறைக்க வைத்த மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மோட்டாருக்குள் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவர் வந்து, கருகிப்போன செம்புக் கம்பியைக் கொத்தாக அறுத்தெடுத்து வெளியே போட்டார். வேலை நின்றதால் மற்றவர்கள் நிழலுக்குப் போனார்கள். தேவானை மட்டும் மோட்டாருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். மோட்டாரின் உள்வளையத்தில் எந்தப் பள்ளத்தில் நுழைந்த கம்பி எந்தப் பள்ளத்தில் வெளியே வருகிறது என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க, அவர் முதலில் சிரித்திருக்கிறார், பிறகு சலித்திருக்கிறார், கடைசியில் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் கைநிறையக் கருகிய கம்பியோடு படிப்பகத்துக்கு வந்தவள், இந்த வேலையை எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

நான் விசாரித்தேன். தியாகராய நகரில் மாலை வகுப்பு இருந்தது. ஆனால் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அவள் ஐந்தாம் வகுப்பு. கல் சுமந்துகொண்டே படிப்பகத்தில் படித்து, தனித்தேர்வராக இ.எஸ்.எல்.சி. என்ற எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதினாள். கணக்கில் ஒருமுறை தவறினாள்; மறுமுறை தேறினாள். இதற்கு மூன்று வருடங்கள் ஆயின. இடையில் இரண்டு மாப்பிள்ளைகள் வந்து போனார்கள். செண்பகம் அக்கா தெருவே கேட்கும்படி, “மோட்டாருக்குத்தான் கழுத்த நீட்டப் போறியாடி?” என்பார். “அதுனா குடிச்சிட்டு வராதும்மா,” என்பாள் இவள்.

நிலையத்தில் அவள்தான் ஒரே பெண். முதல் நாள் ஒரு பையன், “யக்கா, இது பொடவைக்கு ஓரம் அடிக்கிற கிளாஸ் இல்ல,” என்றானாம். “தெரியும் நைனா. பொடவைல கைய வெச்சா ஷாக் அடிக்காது,” என்றாளாம். அதன்பிறகு அவளைக் ‘காயில் அக்கா’ என்றே எல்லாரும் அழைத்தார்கள். இதைப் பயிற்றுநர் ஷரஃபுதீன் அவர்களே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு வருடம் முடிந்து பிப்ரவரியில் அரசுத் தேர்வு. தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு மோட்டாரை முதலிலிருந்து கடைசிவரை தாமே கட்டிக் காட்ட வேண்டும். நவம்பரில் தேவானையின் மோட்டார் பாதி முடிந்திருந்தது.

இனி விதி. மழைக்காலம் தொடங்கியதும் நிலையத்தின் கதவில் ஒரு பலகை தொங்கும். அதில் இரண்டு வரிகள்: ‘மழை பெய்தால் வகுப்பு இல்லை. மழை விட்டால் வகுப்பு உண்டு.’ அழகான தமிழ். பனகல் பூங்காவைச் சுற்றியிருப்பவர்களுக்குப் பொருத்தமான தமிழ். அங்கே மழை பெய்யும்போது தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், விட்டதும் வடிந்துவிடும், மாலையில் கடைத்தெருவுக்குக் கூட்டம் வந்துவிடும்.

பள்ளத்தெருவில் மழைக்கு வேறு இலக்கணம். மழை கொட்டும்போது எங்களுக்குக் கூரை ஒழுகும், அவ்வளவுதான். மேற்கே ஏரிகள் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் எங்களிடம் வந்து சேர ஒரு பகலோ ஓர் இரவோ ஆகும். அதற்குள் வானம் வெளுத்து வெயில்கூட அடிக்கும். ஆகவே எங்கள் தெருவில் மழை விட்டதும் யாரும் துணி உலர்த்துவதில்லை. பாத்திரங்களைப் பரணில் ஏற்றுவார்கள். ஆட்டை அவிழ்த்துத் தார்ச்சாலைக்குக் கொண்டுபோவார்கள். ஒருவர் போய் ஆற்றங்கரைத் துறைக்கல்லில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். அக்டோபரில் அந்தப் பலகையைப் படித்த அன்றே தேவானை ஷரஃபுதீன் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள்: “சார், எங்களுக்கு மழ பேஞ்சா பயம் இல்ல. வுட்டாத்தான் பயம்.” அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிவிட்டார்.

நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. அன்று தேவானை வகுப்புக்குப் போனாள். பஸ் நின்றுபோனதால் சைதாப்பேட்டையிலிருந்து நனைந்துகொண்டே நடந்திருக்கிறாள். கதவு பூட்டியிருந்தது. பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த இரண்டு நாட்களும் மழை, வகுப்பு இல்லை, யாரையும் வரவில்லை என்று குறிக்கவில்லை. வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த நாட்களில் விடுமுறை.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டது. பகலில் துறைக்கல் முழுகியது. வகுப்பு நேரத்தில் தேவானையின் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். செண்பகம் அக்காவை இவள் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டிலிருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு வந்தாள். நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். பள்ளியும் எதிரிலிருந்த மருந்துக்கடையும் மட்டும் திட்டாக நின்றன; சுற்றிலும் ஆறு ஓடியது.

சனிக்கிழமை மருந்துக்கடையிலிருந்து நிலையத்துக்குத் தொலைபேசி செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன், கடைக்காரரும் நின்றார். எடுத்த எழுத்தரின் குரல் எங்கள் இருவருக்குமே கேட்டது.

“மழையே இல்லியேம்மா. இங்க நல்லா வெயில் அடிக்குது.”

“இங்கயும் வெயிலுதான் சார். வெயில்லயே வூடு முழுகிக்கினு கீது.”

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. திங்கட்கிழமை இரவுதான் தண்ணீர் இறங்கியது; அதற்குள் வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று வகுப்புகள் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை, கடன் வாங்கிய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவள் வகுப்புக்குப் போனாள். நானும் உடன் போனேன். பதிவேட்டில் அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு. அவள் கட்டிக்கொண்டிருந்த மோட்டார் வேறொரு மாணவரின் மேசையில்.

முதல்வர் எங்களை அவமதித்தார் என்று சொல்லமாட்டேன். நாற்காலி கொடுத்தார். மழை விட்டு நான்கு நாட்கள் ஆகிவிட்டன என்றும், தொடர்ந்து மூன்று வகுப்பு வராவிட்டால் பெயரை அடிக்கும் விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றும் பொறுமையாகவே விளக்கினார்.

“மழ வுட்டுச்சி சார். தண்ணி வுடல,” என்றாள் தேவானை.

அவர் ஒரு வழி சொன்னார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வரி போதும்: வராமல் இருந்தது என் தவறு, இனி இவ்வாறு நடக்காது. தாளையும் பேனாவையும் அவரே எடுத்து வைத்தார். பேனாவை வாங்கிய அவள் அதைத் திரும்பவும் தாளின் மேலேயே வைத்தாள்.

“மொத வரியே பொய்யி. ரெண்டாவது வரிய நான் எப்டி சார் எழுதறது? ஆறு வந்து கையெழுத்து போட்டுக் குடுக்குமா?”

அப்போதுதான் அவர் அவளை விட்டு என் பக்கம் திரும்பி, மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார். எங்கள் தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு இனிப் பரிந்துரைக் கையெழுத்துப் போடும்போது யோசித்துப் போடுங்கள் என்றும் எனக்கு அறிவுரை சொன்னார். என் கையெழுத்தை நான் யோசித்துத்தான் போட்டேன். இன்றும் போடுவேன்.

வீடு திரும்பியதும் செண்பகம் அக்கா மகளைத் திட்டித் தீர்த்தார். வீட்டில் வாரிக் கொட்டிய சேறு வாசலில் குவிந்திருந்தது. “ரெண்டு வரி எழுதிக் குடுத்தா கை தேஞ்சி பூடுமாடி? மூணு வருசம் படிச்சியே, எதுக்கு?” என்று அழுதார். நியாயமான கேள்வி. டிசம்பர் 15க்குள் தேர்வுப் பட்டியல் அனுப்பப்படும். அதில் பெயர் இல்லையென்றால் இந்த வருடத் தேர்வு போயிற்று. தெருவில் பலரும், எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்வை முடிக்கட்டும், பிறகு சண்டை போடலாம் என்றார்கள். நானும் ஒரு நிமிடம் அப்படி நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சேற்றை வாரிக்கொண்டே சொன்னாள்: “கை தேயாதும்மா. வர்ற வருசமும் ஆறு வரும். நம்ம தெருலேர்ந்து இன்னொருத்தி போயிருப்பா. அப்போ இந்தக் காயிதத்த எடுத்து, ‘உங்காளுதான், தப்புன்னு எழுதிக் குடுத்துச்சே’ன்னு காட்டுவாங்க.”

செண்பகம் அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மண்வெட்டியை எடுத்தார்.

மறுநாள் புதன்கிழமை முதல் தேவானை தினமும் மாலை வகுப்புக்குப் போகிறாள். உள்ளே விடாததால் பட்டறையின் ஜன்னலுக்கு வெளியே, நடைபாதையில் நிற்கிறாள். மணி அடிக்கும்போது வந்து, மணி அடிக்கும்போது போகிறாள். வரவில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது என்பது அவள் வாதம். ஷரஃபுதீன் அவர்கள் முன்பைவிட உரத்த குரலில் பாடம் நடத்துகிறார். காரணத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜன்னலைச் சாத்த உத்தரவு வந்தது. வார்னிஷ் வாடையில் தலை சுற்றுகிறது என்று கொஞ்ச நேரத்தில் மாணவர்களே திறந்துவிட்டார்கள். முதல் நாள் புடவை ஓரத்தைப் பற்றிப் பேசிய அதே பையன், அவளுடைய மோட்டாரைத் தூக்கிவந்து ஜன்னலோர மேசையில் வைத்து, “யக்கா, அடுத்தது எந்தப் பள்ளம்?” என்று கேட்டிருக்கிறான். அவள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே விரலை நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

திரு. ராஜரத்தினம் அவர்களே, நீங்கள் கேட்ட பெண் இவள். இவள் ஒருத்திக்காக விதியை மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள். தேவையில்லை. ஆற்றங்கரையில் குடியிருக்கும் அத்தனை பேருக்காகவும் மாற்றுங்கள். பலகையில் இடம் இருக்கிறது. ‘ஆறு வடியும்வரை கரையோரத்தாருக்கு வகுப்பு இல்லை’ என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதலாம். மழைக்கு வகுப்பை ரத்து செய்யும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது என்பதில் எங்களுக்கு வழக்கில்லை. அந்த ரத்து யாருடைய தெருவைப் பார்த்துச் செய்யப்படுகிறது என்பதில்தான் வழக்கு.

மன்னிப்புக் கடிதம் வராது. அதை எதிர்பார்த்து டிசம்பர் 15வரை காத்திருக்க வேண்டாம்.

இக்குறிப்பின் படி ஒன்று இன்று, 1976 டிசம்பர் 6, பதிவுத் தபாலில் உங்கள் நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது. சி. தேவானையின் பெயர் பதிவேட்டில் மீண்டும் சேர்க்கப்பட்டதா, தேர்வுப் பட்டியலில் அனுப்பப்படுமா என்ற இரண்டுக்கும், இல்லையென்றால் எந்த விதியின்படி இல்லை என்பதற்கும், பட்டியல் அனுப்பும் நாளுக்கு முன்பாக நிலையத்தின் முத்திரையுடனும் தங்கள் கையெழுத்துடனும் பதில் தரவேண்டும். எழுத்தர் மூலம் சொல்லியனுப்புவதையும், தொலைபேசியில் சொல்வதையும், நாற்காலி கொடுத்து உட்காரவைத்து விளக்குவதையும் பதிலாக ஏற்கமாட்டோம். எழுதி அனுப்புங்கள்.